அத்தை வீட்டு வாசற்படி

சரித்திரம் படித்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "பண்டைய ரோமானியக் கட்டடங்களின் நோக்கத்தை விவரி" என்ற கேள்விக்கு ஒரு முறையாவது விடை எழுதாதவர்கள் இருக்கமாட்டார்கள். நானும் எழுதியிருக்கிறேன். வட்ட அரங்கம், வெற்றி வளைவு, குளியல் மண்டபம், கல் வாய்க்கால் என்று மூச்சு விடாமல் அடுக்கி, "இவை யாவும் ரோமாபுரியின் பெருமையைப் பறைசாற்றின" என்று முடித்துவிட்டு எழுந்து வந்தேன். பத்துக்கு ஏழு மார்க்கு கிடைத்தது. அந்தப் பறை யார் காதில் எப்படி விழுந்தது என்று நானும் யோசிக்கவில்லை, விடையைத் திருத்திய புண்ணியவானும் கேட்கவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து அதே கேள்வியை என்னிடம் கேட்டது என் அத்தை. கேட்ட இடம் தியாகதுருகம்.

"அந்த மலைமேல என்னாத்துக்கும்மா ஏறப் போற? வெறும் கல்லுதானே கெடக்குது!"

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் போனவர்கள், கள்ளக்குறிச்சி வருவதற்கு முன்னால் அந்த மலையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மலை என்பதைவிடப் பெரிய பெரிய பாறைகளை யாரோ விளையாட்டாகக் குவித்துவிட்டுப் போனது போல் இருக்கும். ஊருக்குப் பெயரே அதனால் வந்தது. துருகம் என்றால் துர்க்கம், சுலபத்தில் நெருங்க முடியாத கோட்டை. அதன் அடிவாரத்துத் தெரு ஒன்றில்தான் அத்தை ஐம்பத்தைந்து வருஷமாகக் குடித்தனம் செய்கிறாள். ஓட்டு வீடு, நீளத் திண்ணை, நடுவில் முற்றம்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. அத்தான் அந்த வீட்டை விற்பதாக முடிவு செய்திருந்தார். கள்ளக்குறிச்சியில் அவர் கட்டும் புது வீடு பூச்சு வேலை வரைக்கும் வந்துவிட்டது. அத்தை மட்டும் "ஆகட்டும்" என்றும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. "பத்திரிகையிலே ஊருக்கெல்லாம் எழுதுகிறாயே, உன் அத்தைக்கு நாலு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அத்தான் என்னை வரவழைத்திருந்தார். தூது போனவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததா? முதல் நாள் சாயந்திரமே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மறுநாள் விடியற்காலையில் நழுவி மலைக்குக் கிளம்பினேன். அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைப் போட்டாள்.

பாதி படி, பாதி பாறை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டுதான் ஏற வேண்டும். இடிந்த மதில், முள்புதர், பாறைக் குழிவுகளில் தேங்கிய மழைத் தண்ணீர், அதில் தாகம் தீர்த்துக்கொள்ளும் ஆடுகள். மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். கோட்டை கட்டியவன் எதற்காக இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்பது புஸ்தகம் இல்லாமலே புரிந்தது. மேற்கே நீலமாகக் கல்வராயன் மலை. அதற்குத் தெற்கே ஆத்தூர்க் கணவாய். சேலத்துச் சீமையிலிருந்து அந்த வழியாக இறங்கிக் கடற்கரைக்குப் போகிறவன் யாராக இருந்தாலும் இந்த மலையின் கண்ணில் படாமல் போக முடியாது. எனக்குத் தெரிந்தது லாரி வரிசைதான். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு ஏறி நின்றவனுக்குக் குதிரைப் படையின் புழுதி தெரிந்திருக்கும்.

அதனால்தான் இந்தக் கல் குவியலுக்கு அத்தனை போட்டி. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொடி ஏற்றினார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்த பிறகும் தியாகதுருகம் கொஞ்ச நாள் தாக்குப் பிடித்து, அடுத்த மாதம் ஆங்கிலேயரிடம் பணிந்தது. ஹைதர் அலியின் படைகளும் இந்தச் சீமைக்கு வராமல் இல்லை. ஆங்கிலேயர் வாயில் ஊர்ப் பெயர் நுழையவில்லை. "தியாகர்" என்று பாதியை மட்டும் எழுதிவைத்தார்கள்!

ரோமாபுரியின் கட்டடங்களுக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியம் இருந்தது. வட்ட அரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீரோ மன்னன் ஊர் நடுவில் நிலத்தை வளைத்துத் தனக்கென்று மாளிகையும் ஏரியும் அமைத்துக்கொண்டான். அவனுக்குப் பின் வந்த வெஸ்பாசியன் அந்த ஏரியை வற்றச் செய்து, அதே இடத்தில் ஊர் ஜனங்களுக்காக அரங்கம் எழுப்பினான். கி.பி. 80-ல் அவன் மகன் டைட்டஸ் திறந்துவைத்தான். "அவன் பிடுங்கியதை நான் திருப்பிக் கொடுத்தேன்" என்று வாயால் சொல்லாமல் கல்லால் சொன்ன சாமர்த்தியம் அது. திருப்பிக் கொடுத்தது என்ன? மனிதனும் மிருகமும் சாவதைக் கை தட்டிப் பார்க்க ஓர் இடம். அது வேறு விஷயம்.

பக்கத்திலேயே டைட்டஸின் வெற்றி வளைவு நிற்கிறது. கி.பி. 70-ல் ஜெருசலேம் கோயிலைச் சூறையாடிய சிப்பாய்கள், அங்கிருந்த ஏழு கிளை விளக்கைத் தோளில் சுமந்து ஊர்வலம் வருவதை அதில் செதுக்கியிருக்கிறார்கள். ரோமிலேயே குடியிருந்த யூதர்கள் பரம்பரை பரம்பரையாக அந்த வளைவுக்குக் கீழே நடப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். பறைசாற்றிய பெருமை அவர்கள் காதில் விழுந்த விதம் அது. என் பரீட்சை விடையில் இந்த யூதர்களுக்கு ஒரு வரி இல்லை.

எனக்குப் பிடித்தது அரங்கமும் இல்லை, வளைவும் இல்லை. தண்ணீர் வாய்க்கால்தான். குடும்பம் நடத்துகிற உங்களுக்கும் அதுதான் பிடிக்கும். கி.மு. 19-ல் அக்ரிப்பா என்ற பிரபு ஒரு வாய்க்கால் கொண்டுவந்தான். தாகத்தால் தவித்த சிப்பாய்களுக்கு ஊற்று இருக்கும் இடத்தை ஒரு சின்னப் பெண் காட்டினாளாம். அதனால் "கன்னி நீர்" என்றே அதற்குப் பெயர். இருபது கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் பூமிக்கடியிலேயே வந்த வாய்க்கால் அது. பழுது பார்த்துப் பார்த்து, இன்றைக்கும் ரோமில் ட்ரெவி நீரூற்றுக்குத் தண்ணீர் அந்த வழியில்தான் வருகிறது. சாம்ராஜ்யம் போய்விட்டது, குழாய் மூடவில்லை!

இப்படியெல்லாம் மனசுக்குள் பிரசங்கம் செய்துகொண்டே இறங்கினேன். வழியில் இடிந்த வாயில் ஒன்று. அதன் ஒரு பக்கத்துப் படிக்கல்லில், கதவின் குடுமி நின்று சுழல்வதற்கு உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு குழி. மற்றொரு பக்கம் கல் பெயர்ந்து வெறும் மண் தெரிந்தது. எங்கோ பார்த்த குழி மாதிரி இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் கால் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அத்தை வீட்டு வாசற்படியின் வலது ஓரத்தில் அதே அகலத்தில் அதே குழி!

சின்ன வயசில் லீவுக்கு வந்தபோதெல்லாம் அதில் புளியங்கொட்டை போட்டு விளையாடியிருக்கிறேன். கார்த்திகைக்கு அத்தை முதல் அகலை அந்தக் குழியில்தான் வைப்பாள். காற்று எத்தனை அடித்தாலும் அது மட்டும் அணையாது. இது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"எங்க மாமனாரோட அப்பா கொண்டாந்தது. அடிவாரத்துல பொதருக்குள்ள கெடந்துதாம். நாலு ஆளு, ஒரு மாட்டு வண்டி" என்றாள் அத்தை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே. காலையில் பார்த்த வாயிலிலிருந்து பெயர்ந்த கல் இதுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் கோட்டைக் கல், அதில் சந்தேகம் இல்லை.

அப்பட்டமான திருட்டு என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை. 1349-ல் ஒரு பூகம்பம் ரோமாபுரி அரங்கத்தின் ஒரு பக்கத்தைச் சரித்துவிட்டது. பிரபுக்களும் மதகுருக்களும் அந்தக் கல்லை வண்டி வண்டியாக எடுத்துப் போய் மாளிகையும் மாதா கோயிலும் கட்டினார்கள். அவர்கள் மகான்கள், எங்கள் தாத்தா மட்டும் திருடரா? இருந்தாலும் மனசு சமாதானம் ஆகவில்லை. "கல்லை மேலே கொண்டுபோய் வைத்துவிடலாமே, அத்தை" என்றேன்.

அத்தான் சிரித்தார். அவருக்கு வேறு யோசனை. புது வீட்டு ஹாலில் கண்ணாடி மேஜைக்குக் கீழே விளக்குப் போட்டு வைத்தால் வருகிறவர்கள் எல்லாரும் விசாரிப்பார்களாம். வீட்டை வாங்குகிறவரோ கல்லையும் சேர்த்துத்தான் விலை பேசியதாகச் சொல்கிறாராம்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"காலையில ஒன்னை வெறும் கல்லுன்னு சொன்னேன் இல்ல? எங்க மாமியார் அப்படிச் சொல்லமாட்டாங்க. அந்தக் காலத்துல குதிரைக்காரன் வர்றான்னா, சுத்துப்பட்டு ஊரே நெல்லு மூட்டையும் கைப்புள்ளையுமா இங்கதான் ஓடி வருமாம். அப்படி ஓடியாந்தவங்கதான் நாமன்னு சொல்லுவாங்க."

எனக்கு மயிர்க் கூச்செறிந்தது. 1790-ன் கடைசியில் திப்பு சுல்தானின் படை இந்தப் பக்கம் வந்தபோது, சுற்றுவட்டாரத்து ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இந்த அடிவாரத்துப் பேட்டையில் வந்து அடைந்திருந்தார்கள். கோட்டையில் தளபதி கேப்டன் பிளிண்ட். அதற்குப் பத்து வருஷம் முன்பு வந்தவாசிக் கோட்டையை ஹைதரின் முற்றுகையிலிருந்து காத்துப் பெயர் பெற்றவர். இரண்டு முறை தாக்கியும் பேட்டைக்குள் நுழைய முடியாமல் திப்புவின் படை திரும்பியது. பிளிண்டின் பெயர் சரித்திரத்தில் ஏறிவிட்டது. நெல் மூட்டையோடு ஓடி வந்தவளின் பெயர் எதிலும் இல்லை. என் அத்தையின் மாமியார் வாயில் மட்டும் அவள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

ஆக, கோட்டையின் நோக்கம் என்ன? கட்டியவனைக் கேட்டால் சாலை என்பான். ஜெயித்தவனுக்கு அது கொடி ஏற்றும் கம்பம். ஓடி வந்தவளுக்கோ அது ஒரு கதவு. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் மூட்டையை இறக்கியிருப்பாள். அந்தக் கதவு சுழன்ற குழியோ, அதைப் போன்ற இன்னொன்றோ எங்கள் வாசலில் இருக்கிறது.

"இப்போ நான் எங்கே ஓடறது, சொல்லு" என்றாள் அத்தை. குரலில் கோபம் இல்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். நாலு வார்த்தை சொல்ல வந்த நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சாயந்திரம் எனக்குப் பஸ். அத்தை திண்ணை வரை வந்தாள். மகனைக் கூப்பிட்டாள்.

"தை மாசம் ரிஜிஸ்தர் வெச்சுக்கடா. நான் கையெழுத்துப் போடறேன். மலைக்குப் போகுதோ, உன் கண்ணாடி மேஜைக்குப் போகுதோ, அப்பறம் பாத்துக்கலாம். கார்த்திகை முடியற வரைக்கும் இந்தக் கல்லை ஒருத்தரும் தொடக் கூடாது."

அத்தான் "சரிம்மா" என்றார். நான் படியைத் தாண்டி இறங்கினேன். எத்தனையோ வருஷப் பழக்கம், அன்றைக்கு ஏனோ குழியின் மேல் கால் படாமல் பார்த்து வைத்தேன்.