வெள்ளி இலையும் கருங்கல்லும்

பொத்தேரியில் ஜிஎஸ்டி சாலையோர நர்சரி ஒன்றின் முகப்பில் பாறைத் தோட்டம் ஒன்றை மாதிரிக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புதிதாக வில்லா வாங்கிய ஒருவர் கைப்பேசியில் எடல்வைஸ் படத்தைக் காட்டி, இதே வேண்டும் என்றாராம். ஆல்ப்ஸ் மலையின் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளரும் செடி அது. ராத்திரியும் புழுங்கும் நம் ஊரில் பிழைக்காது. வெள்ளி இலைக்காக டஸ்டி மில்லரை இறக்கியிருந்தார்கள். அதுவும் மத்தியதரைக் கடலோரத்துப் பிறவிதான்.

“வெயிலுக்குச் செத்துடும்னு எல்லாரும் நெனைக்கறாங்க. கொல்றது தண்ணி சார்” என்றார் கல் அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர்.

அவர் சொன்னது சரி. இலையின் வெள்ளை, மெல்லிய ரோமம். வெயிலைத் திருப்பி அனுப்பும், ஈரம் ஆவியாவதைக் குறைக்கும். வறண்ட காற்றில் சட்டென்று உலரும் அந்த ரோமம், நம் புழுக்கத்தில் நனைந்த கம்பளி மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள, பூஞ்சை பிடித்துச் செடியின் கழுத்து அழுகிவிடும். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட ஊரில் இந்தச் செடியை வைப்பவர்களுக்கு முதல் வேலை வடிகால்தான்.

அடியில் உடைசெங்கல், அதன்மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லி, பிறகு செம்மண்ணைவிட மணல் கூடுதலாகக் கலந்த மண். தென்னை நார்த்தூள் கூடாது. அது நீரைக் குடித்துக்கொண்டு கிடக்கும். கல்லில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். மலைநாட்டுத் தோட்டக்காரர்கள் மழை வேருக்கு இறங்கட்டும் என்று கல்லைப் பின்பக்கம் சாய்ப்பார்கள். பெரியவர் முன்பக்கம் சாய்த்தார், நீர் வெளியே வழிந்து போக. எந்தப் புத்தகமும் பார்த்துச் செய்ததல்ல. ஒவ்வொரு கல்லையும் வைத்துவிட்டு, குவளையில் நீர் ஊற்றி, அது ஓடும் வழியைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். திருப்தி இல்லையென்றால் கடப்பாரை.

கல்லுக்கும் ஒரு கதை உண்டு. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் இது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இதே வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். பெரியவருக்கு அது வெறும் கருங்கல். உளி பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது மட்டும் தெரியும்.

தண்ணீர் விடுவது ஒரு அக்கா. தொட்டியைத் தூக்கிக் கனம் பார்த்துத்தான் டியூபைத் திருப்புகிறார். இலைமேல் ஒரு சொட்டு விழாது. இந்தக் கைக்கணக்குக்குத் தனிக் கூலி இல்லை. பை நிரப்புபவருக்கும் அவருக்கும் ஒரே நாள்கூலி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

டஸ்டி மில்லர் எவ்வளவு நாள் தாங்கும்? “கோடை வரைக்கும். அப்புறம் மாத்தித் தரணும்” என்றார் அக்கா.

சுற்றுச்சுவர் ஓரம் சிறுபீளை தானாக முளைத்து நின்றது. சாம்பல் படிந்த இலை, வெள்ளைப் பஞ்சுப் பூ. கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதும், சித்த வைத்தியத்தில் கல்லடைப்புக்குக் கொடுப்பதும் இதைத்தான். வெயிலும் மழையும் பழகிய செடி. இதையே வைக்கலாமே, அக்கா?

“ரோட்டுல மொளைக்கறத யாரு சார் காசு குடுத்து வாங்குவாங்க?”

பெரியவர் நிமிரவில்லை. “பின்னாடி ரெண்டு வெச்சிருக்கேன். ஓனர் இன்னும் பாக்கல.”