கல்லூரி மாறும்போது எஸ்ஏடி மறுதேர்வு தேவையா?



கலிஃபோர்னியாவில் வளர்ந்த எங்கள் மகள், பள்ளிப் படிப்பை முடித்ததும் கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்தாள். இம்மாநிலத்தவருக்கு அங்கே ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறத் தேவையான 60 யூனிட்டுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான். வட்டிக்குக் கடன் வாங்காமல் பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்பது எங்கள் நிய்யத். வீட்டில் இருந்தபடியே இரண்டாண்டுகள் படித்தால் அது இயலும் என்று கணக்கிட்டோம்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியபோது ஒரு கேள்வி எழுந்தது. பள்ளியில் எழுதிய எஸ்ஏடி தேர்வில் அவள் 1600க்கு 1180 பெற்றிருந்தாள். கல்லூரி மாறும் முன் அதை மீண்டும் எழுத வேண்டுமா? "ஒருமுறை கூட முயன்று பார்க்கட்டும்" என்று உறவினர் பலரும் கூறினர். மாமி மகன் பெற்ற 1480 ஒவ்வொரு விருந்திலும் நினைவுகூரப்பட்டது.

நாங்கள் மூவரும் அமர்ந்து மஷ்வரா செய்தோம். அந்த மதிப்பெண்ணை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் ஆராய்ந்தோம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் சேர்க்கைக்கு எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண்களைப் பார்ப்பதில்லை. கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் 2022இல் அவற்றைக் கைவிட்டது. மாறி வரும் மாணவரிடம் அவை பார்ப்பது கல்லூரி மதிப்பெண்களையும், பாடப்பிரிவுக்குரிய முன்பாடங்களையும்தான். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவு செய்யும் கம்யூனிட்டி கல்லூரி மாணவருக்கு 'டேக்' எனும் இட உறுதியும் தருகின்றன. ஒரு வளாகத்துக்கு மட்டுமே அதைக் கோரலாம்; சில பாடப்பிரிவுகளுக்கு அது கிடையாது.

தனியார் கல்லூரிகளின் விதிகள் ஒன்றுபோல் இல்லை. சில மதிப்பெண்ணைக் கேட்கின்றன. சில மாணவரின் விருப்பத்துக்கு விடுகின்றன. போதிய யூனிட்டுகளை முடித்தவரிடம் சில கேட்பதில்லை. மகள் விரும்பிய தனியார் கல்லூரி விருப்பத்துக்கு விட்டிருந்தது. ஆனால் உதவித்தொகை போக எஞ்சும் தொகைக்குக் கடன்தான் வழி என்பதால், அதைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அவளுக்கு அது எளிதாக இருக்கவில்லை. இரண்டு நாட்கள் அதிகம் பேசாமல் இருந்தாள்.

அடுத்தது நேரம். அந்தப் பருவத்தில் அவளுக்குக் கால்குலஸும் வேதியியலும் இருந்தன. வார இறுதியில் பகுதி நேர வேலை. தேர்வுப் பயிற்சிக்காகக் கால்குலஸில் ஒரு தரம் இறங்கினால், அந்த இறக்கத்தை எல்லாப் பல்கலைக்கழகங்களும் பார்க்கும்.

இவற்றையெல்லாம் கேட்டபின் மகள் சொன்னாள்: "வாப்பா, அந்த மார்க்கை மாத்தணும்னு எனக்கு ஆசைதான். ஆனா அது காலேஜுக்காகவா, சொந்தக்காரங்களுக்காகவான்னு யோசிச்சா பதில் தெரியுது."

இஸ்திகாரா தொழுதோம். கனவிலே விடை வரும் என்று நம்மில் சிலர் காத்திருப்பதுண்டு. விசாரிக்க வேண்டியதை விசாரித்து, நன்மையானதை எளிதாக்கித் தருமாறு இறைவனிடம் கேட்டு, தெளிந்த வழியில் அடியெடுத்து வைப்பதையே நாங்கள் செய்தோம். மறுதேர்வு வேண்டாம் என முடிவாயிற்று. செப்டம்பரில் டேக் விண்ணப்பத்தையும், நவம்பரில் முழு விண்ணப்பத்தையும் அனுப்பினாள். முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.

எல்லோருக்கும் இதே விடை பொருந்தாது. சேர விரும்பும் கல்லூரி மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்டு, படிப்பைப் பாதிக்காத அவகாசமும் இருந்தால், தாராளமாக மீண்டும் எழுதலாம். அதற்கு முன் ஒவ்வொரு கல்லூரியின் மாற்றுச் சேர்க்கை விதியையும் படித்துப் பாருங்கள். புதிய மாணவருக்கான விதி வேறாக இருக்கலாம். பிள்ளையின் நேரமும் உழைப்பும் நம்மிடம் உள்ள அமானிதம். பிறர் பேச்சுக்காக அதைச் செலவிட வேண்டாம்.

நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.