முன்சில்லு இழுக்கத் தொடங்கினால்

நாலு சில்லு இழுவை உள்ள வாகனம் என்றதும் எல்லாரும் கேட்பது, அது எவ்வளவு பனிக்குள் போகும் என்றுதான். என்னிடமிருக்கும் பழைய ஃபோக்ஸ்வாகன் சின்க்ரோ பஸ்ஸைச் சுற்றி வந்து, குனிந்து அடியையும் பார்த்துவிட்டு, ஒஸ்லோவில் வளர்ந்த எங்கள் பொடியன்களும் அதையே கேட்கிறார்கள். என் பதில் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. இந்தப் பஸ்ஸின் முன்சில்லுகளை நான் திரும்பி வருவதற்காக வைத்திருக்கிறேன். போகும்போதே அவற்றைச் செலவழித்துவிட்டால் மலையில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இது விளங்க, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். எஞ்சின் பின்னால். சாதாரண வீதியில் பஸ்ஸைத் தள்ளுவது பின்சில்லுகள்தான். கியர்பெட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டு முன்னே ஓடி, முன் டிஃபரன்ஷலில் ஓர் உருளைக்குள் போய் முடிகிறது. அந்த உருளைக்குள் துளையும் வெட்டும் போட்ட மெல்லிய உருக்குத் தட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு தொகுதி தண்டோடு சுற்றும், மற்றது முன்சில்லுகளோடு. இடைவெளியில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை எண்ணெய் பேசாமல் கூடவே சுற்றும். பின்சில்லு வழுக்கி வேகம் பிடித்தால், தட்டுகளுக்கு நடுவே எண்ணெய் கடையுண்டு சூடேறும், விரியும், உள்ளே அழுத்தம் கூடும். அப்போதுதான் முன்சில்லுகளுக்கு விசை போகிறது. கணினியும் கிடையாது, உணரியும் கிடையாது, ஓட்டுகிறவன் அழுத்த ஒரு பொத்தான்கூடக் கிடையாது.

எழுபதுகளில் குஸ்தாவ் மாயர் என்ற பொறியியலாளரும் அவருடைய ஆட்களும் இதற்கு முந்திய தலைமுறைப் பஸ்ஸுக்கு நாலு சில்லு இழுவை பூட்டிச் சகாராவில் ஓட்டிப் பார்த்தார்கள். மணலில் பழகிய யோசனை பனிக்கு வந்து சேர்ந்தது. விற்பனைக்கு வந்த சின்க்ரோவை எண்பதுகளின் நடுவிலிருந்து 1992 வரை ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஸ்டையர்-டைம்லர்-புக் நிறுவனம் கட்டியது. வழமையான நாலு கியருக்கு மேலே 'ஜி' என்று ஓர் ஊரும் கியர். பின் டிஃபரன்ஷலைப் பூட்டுவதற்கு, என்னுடையதைப் போல அது பொருத்திய பஸ்களில், முன்பலகையில் இழுக்கும் குமிழ் ஒன்று. வேறு உபகரணம் இல்லை.

ஆகவே இந்த உதவி எப்போதும் பிந்தித்தான் வரும். முதலில் வழுக்கவேண்டும், பிறகே முன்சில்லு எழும்பும். புதிய வாகனங்களில் வழுக்கலை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமலே உணரிகள் அமர்த்திவிடுகின்றன. அதை நான் குறை சொல்லவில்லை, என் மகள் ஓட்டுவது அப்படியொரு கார்தான். ஆனால் இந்தப் பஸ்ஸில் எல்லாம் வரிசையாகக் கேட்கும். முதலில் பின்னாலிருந்து எஞ்சினின் சத்தம் கொஞ்சம் ஏறும், வேகம் ஏறாது. அடுத்ததாக இருக்கையின் பின்பக்கம் ஒரு விரலளவு விலகுவதுபோல இருக்கும். அதன்பிறகு ஸ்டியரிங்கில் ஓர் இழுப்பு, சந்தைக்குள் குழந்தை கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அந்த இழுப்பு வந்தால் பின்சில்லுகளின் பிடி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஏற்றத்தில் அது வந்தால் நான் வண்டி திருப்ப இடம் தேடத் தொடங்குவேன்.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் இருந்த பொடியனுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, இப்பதானே நாலு சில்லும் இழுக்கத் தொடங்கியிருக்கு. இப்ப போய் நிப்பாட்டுறீங்கள்?"

"தம்பி, ஏறுறதுக்குத்தான் இது சின்க்ரோ. இறங்கேக்கை எல்லா வாகனமும் ஒண்டுதான்."

பிறேக் எல்லாருக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. நாலு சில்லு இழுவையால் மட்டுமே ஏற முடிந்த ஓர் ஏற்றத்தில், இறங்கும்போது அந்த இழுவையிடமிருந்து அவ்வளவு உதவி வராது. அங்கே 'ஜி' கியரில் போட்டு, எஞ்சினே பிடித்துப் பிடித்து இறக்குமளவுக்கு மெதுவாக வரவேண்டும். சாரதி இருக்கை முன்சில்லுக்கு மேலேயே இருப்பதால், கொண்டையூசி வளைவில் உடம்பு வீதியைத் தாண்டிப் பள்ளத்தின் மேலே போன பிறகுதான் சில்லு திரும்பும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து முன்கூட்டியே வெட்டுவார்கள், பின்சில்லு உள்வரம்பில் ஏறிவிடும்.

அந்த உருளை கிழடாகும்போது எண்ணெய் கெட்டியாகி முன்னையும் பின்னையும் எந்நேரமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பார்த்தால் நல்ல இழுவை போலத் தெரியும். ஆனால் காய்ந்த தார்வீதியில் ஒவ்வொரு வளைவிலும் முன் டிஃபரன்ஷல் அரைபட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வெறும் வாகனத் தரிப்பிடம் ஒன்றுக்குப் போய், ஸ்டியரிங்கை முற்றாக ஒடித்து மெல்ல வட்டமடித்துப் பார்ப்பேன். பிறேக்கில் கால் வைத்ததுபோல பஸ் முக்கினால் உருளைக்கு வயதாகிவிட்டது. ரயர் விஷயமும் இதோடு சேர்ந்ததே. நாலும் ஒரே தயாரிப்பாக, ஒரே அளவு தேய்ந்ததாக இருக்கவேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று பூட்டினால் சுற்றளவு மாறுபடும், நேர்வீதியில்கூட எண்ணெய் கடையுண்டுகொண்டே இருக்கும். நோர்வே சட்டம் குளிர்காலத்தில் ரயரின் பள்ளம் 3 மில்லிமீற்றர் இருந்தால் போதும் என்கிறது. மலைக்கு அது காணாது என்பது என் கருத்து. ஆணி ரயரா, ஆணியில்லாததா என்ற சண்டைக்குள் நான் இறங்குவதில்லை. ஒஸ்லோவுக்குள் ஆணி ரயருக்குக் காசு கட்டவேண்டும், நான் கட்டுகிறேன்.

நாங்கள் போகும் குடில், இங்கே ஹித்தே என்பார்கள், குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்குக்கு மேற்கே மலை மேலே இருக்கிறது. பழைய வேலைத்தலத் தோழர் ஒருவரின் குடும்பச் சொத்து. நோர்வேயில் இப்படி நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் நின்று வேலைசெய்த எங்கள் தலைமுறைக்கு, கரண்டும் தண்ணியும் இல்லாத இடத்துக்குக் காசு செலவழித்துப் போவது நெடுநாளாகப் பகிடியாகத்தான் இருந்தது. எனக்கு அந்தப் பகிடி விட்டுப்போனதற்குப் பாதிக் காரணம் இந்தப் பஸ்.

ஒஸ்லோவிலிருந்து மியோசா ஏரியை ஒட்டி லில்லஹாமர், பிறகு ரிங்கெபூ, வின்ஸ்த்ரா. பெருவீதியில் சொல்ல ஒன்றுமில்லை, வலப்பக்கம் ஒதுங்கி எண்பதில் போவேன். வின்ஸ்த்ராவில் ஏறத் தொடங்கும்போது வெளியே வெப்பமானியைப் பார்ப்பதுதான் வேலை. காற்றில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கிவிடும். ஆற்றோரத்தில் மைனஸ் 25 இருக்க, மேலே மைனஸ் 12 ஆக இருக்கலாம். ஏற ஏறக் குளிரும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது அதிசயம். வீதிக்கு இது நல்ல செய்தி. மைனஸ் 15இல் பனி உலர்ந்து காலுக்குக் கீழே கிறீச்சிடும், ரயருக்கு நன்றாகப் பிடி கொடுக்கும். பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலைதான் எனக்குப் பயம். பகலில் உருகி இரவில் கண்ணாடியாகும் ஈஸ்டர் காலத்து வீதியில் எண்ணெய் உருளையால் ஆகக்கூடியது கொஞ்சம்தான்.

அந்த மலைமேல்தான் ஃபேஃபூர் இருக்கிறது. 1910 மார்ச்சில் கப்டன் ஸ்கொட் தென்துருவப் பயணத்துக்கான மோட்டார்ச் சறுக்குவண்டியை அங்கே பனியில் ஓட்டிப் பார்த்தார். அச்சுத்தண்டு முறிந்துபோனது. திரிக்வே கிரான் என்ற நோர்வே இளைஞர் முறிந்த பாகத்தோடு பனிச்சறுக்கில் போய் அதைத் திருத்துவித்துக்கொண்டு வந்தார். ஸ்கொட் அவரையும் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். அந்தாட்டிக்காவுக்குக் கொண்டுபோன மூன்று வண்டிகளில் ஒன்று இறக்கும்போதே ஐஸ் உடைந்து கடலுக்குள் போனது. மற்ற இரண்டும் 1911இல் புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே படுத்துவிட்டன. பெரிய தொல்லை என்னவென்றால், அவ்வளவு குளிரிலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியது. என் பஸ்ஸும் இதே பாடத்தைத்தான் வேறு விதமாகச் சொல்லித் தருகிறது. எஞ்சின் பின்னால், ரேடியேற்றர் முன்னால், நடுவே வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் குழாய்கள். 15 லிட்டருக்கும் மேலான தண்ணீரும் உறையாத்திரவமும் அதற்குள்ளே. எங்காவது காற்றுக்குமிழி அடைத்தால் முன்னாலிருக்கிறவர்கள் விறைத்துக்கொண்டிருக்கப் பின்னால் எஞ்சின் கொதிக்கும். உறையாத்திரவத்தை அளவாகக் கலந்து, காற்றை முற்றாக வெளியேற்றுவது செப்டெம்பரில் செய்யவேண்டிய வேலை.

இப்போது பொடியன்களுக்குப் பிடிக்காத இன்னொரு செய்தி. குடில்வரை வண்டி போகாது. போகவும் கூடாது. 1977ஆம் ஆண்டின் வெளிநிலப் போக்குவரத்துச் சட்டப்படி, காருக்காகப் பனி வழிக்காத வீதியும் காட்டுநிலம் என்றே கணக்கு. அனுமதியில்லாமல் அதில் மோட்டார் வண்டி ஓட்டமுடியாது. நாலு சில்லும் பூட்டும் 'ஜி' கியரும் வைத்திருந்தாலும் ட்ராக்டர் வழித்து விட்ட இடத்தோடு பஸ்ஸின் பயணம் முடிந்தது. அதற்கப்பால் சறுக்குப்பலகையும், இடுப்பில் கட்டி இழுக்கும் பெட்டியும்தான். விறகு அங்கேயே இருக்கும், சாப்பாடும் மண்ணெண்ணெயும் நாங்கள் இழுக்கவேண்டும். இந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கும். இல்லாவிட்டால் அந்த மலை முழுக்க என்னைப் போன்றவர்களின் சில்லுத்தடம்தான் இருக்கும்.

பஸ்ஸை நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. மூக்கு வெளிவாசலைப் பார்க்கவேண்டும். இருட்டில் களைத்து வந்து நேரே குத்தி நிறுத்தினால், இரவு அரை மீற்றர் பனி விழுந்தபின் காலையில் அதைத் திருப்புவது பெரும்பாடு. ஹான்ட் பிறேக் போடுவதில்லை, ஈரம் உறைந்து பின்சில்லு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்தால் போதும். கதவு ரப்பர்களுக்கு முன்கூட்டியே சிலிக்கோன் பூசியிருக்கவேண்டும், இல்லையென்றால் காலையில் இழுக்கிற இழுவைக்கு ரப்பர் கதவோடு வந்துவிடும். வந்து நிறுத்துமுன் கடைசி இருபது நிமிடம் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஓட்டுவேன், எல்லாரும் திட்டுவார்கள். உள்ளே நாலு பேர் விட்ட மூச்சு வெளியே போகாவிட்டால் இரவில் கண்ணாடியின் உட்பக்கமெல்லாம் ஐஸ் பிடிக்கும், வெளியே சுரண்டுவதைவிட அது பத்து மடங்கு கரைச்சல்.

குடிலுக்குள் முதல் ஒரு மணி நேரம் வெளியைவிடக் குளிராக இருக்கும். பேர்ச் விறகை நெருக்கி அடுக்கி, அடுப்பை ஒரேயடியாக எரிக்காமல் மெல்ல ஏற்றவேண்டும். பெரிய பானையில் பனியை உருக்கும்போது அடியில் கொஞ்சம் தண்ணீர் விடாவிட்டால் பானை கருகித் தேத்தண்ணியில் தீய்ந்த மணம் வரும். சட்டியில் முதலில் போவது சம்பல் வெங்காயம். அதற்குப் பிறகு அது யாருடைய குடில் என்பது எங்களுக்கும் மறந்துபோகும்.

வீட்டில் என்றால் எஞ்சினைச் சூடாக்க இரவே கரண்டில் செருகிவிடலாம், இந்த நாட்டில் அது வழமை. மலையில் கரண்டில்லை. ஆகவே பஸ்ஸின் அடியில் ஒரு சின்னப் பெற்றோல் சூடாக்கி, எஞ்சினின் தண்ணீரை அதுவே காய்ச்சிச் சுற்றவிடும். அதற்கென்று இரண்டாவது பற்றறி. மைனஸ் 18இல் பற்றறிக்கு ஏறக்குறைய அரைவாசிப் பலம்தான் மிஞ்சும், சூடாக்கிக்கும் ஸ்டார்ட்டருக்கும் ஒரே பற்றறியை நம்பினால், சூடாக்கி ஓடி முடிய ஸ்டார்ட்டர் சுற்றாது. எஞ்சின் எழும்பினாலும் கியர்பெட்டி எழும்பாது. எண்ணெய் தேன்போல இறுகியிருக்கும், முதல் சில கிலோமீற்றருக்கு இரண்டாம் கியர் விழ மறுக்கும். தள்ளக்கூடாது. முதலாவதிலேயே போய்க்கொண்டிருந்தால் தானாக விழும்.

இரவு பெரிதாகப் பனி கொட்டியிருந்தால் நான் புறப்படுவதே இல்லை. மண்வாரியால் சில்லைச் சுற்றித் துப்புரவாக்கி, புகைபோக்கிக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ட்ராக்டருக்குக் காத்திருப்பேன். சங்கிலி எடுத்துப் பின்சில்லுக்குக் கட்டினால் போய்விடலாம் என்று யாராவது சொல்லுவார்கள். போய்விடலாம்தான். நடுவில் ஒரு பனிமேட்டில் மாட்டிக்கொண்டால் ட்ராக்டருக்கும் வழி அடைபட்டுவிடும், மேலே இருக்கிற குடில்காரர் எல்லாரும் எங்களால் காத்திருப்பார்கள். பனி வழிக்கிற விவசாயி ஒருமுறை பஸ்ஸைப் பார்த்து, "நல்ல வண்டி, நீ அதில் சும்மா இருக்கிறாய் என்பது அதைவிட நல்லது" என்றார். அவருக்குக் கோப்பி கொடுத்தோம்.

ஞாயிறு பின்னேரம் பெருவீதி முழுக்க ஒஸ்லோவுக்குத் திரும்பும் குடில்காரர்கள். மேலே மலைவீதியில் மணல்தான் போடுவார்கள், கீழே உப்பு. இந்தப் பஸ்ஸின் தகரப் பொருத்துகளில் உப்புப் புகுந்தால் இரண்டு குளிர்காலத்தில் பிரவுண் கோடு தெரியும், பிறகு நிறுத்தமுடியாது. அதனால் வீட்டுக்காரரை இறக்கிவிட்டு நேரே கழுவுமிடத்துக்குப் போய், அடிப்பக்கத்துக்கும் பொருத்துகளுக்கும் கதவின் கீழிருக்கும் வடிகால் துளைகளுக்கும் தண்ணீர் அடிக்கவேண்டும். மைனஸ் 10க்குக் கீழே என்றால் கழுவாமல் விடுவது நல்லது, தண்ணீர் பூட்டுக்குள் உறைந்துவிடும். வெப்பநிலை ஏறும் நாள் வரட்டும் என்று உப்போடேயே பஸ்ஸை முற்றத்தில் விட்டுவிட்டு, சூடாக்கியைக் கரண்டில் செருகுவேன்.