மேற்கே சென்று கிழக்கு நோக்கினோம்

கரீபியக் கடலின் தென்கோடியிலுள்ள டிரினிடாட் தீவுக்கு விடுமுறைப் பயணம் புறப்பட்டோம். சென்னைக்கும் அத்தீவுக்கும் நேர வேறுபாடு 9½ மணி. அதிகாலையில் ஏறி மேற்கு நோக்கியே பறந்ததால் பகல் நீண்டுகொண்டே சென்றது. முஸாபிருக்கு மார்க்கம் அளித்த சலுகைப்படி லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். அந்தி மயங்கும் வேளையில் பியார்க்கோ விமான நிலையத்தில் இறங்கினோம்.

நமக்கு ஒரே பகலில் முடிந்த பிரயாணம், 1845-ல் கல்கத்தாவிலிருந்து 'ஃபதல் ரஸாக்' கப்பலில் முதன்முதலாக வந்த இந்தியக் கூலிகளுக்கு 103 நாட்கள் பிடித்தது. மே 30-ல் கரை சேர்ந்த அவர்களிடையே முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்து வந்து கரும்புத் தோட்டங்களில் பாடுபட்டோரில் பலர் தாயகம் திரும்பவேயில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் தாய்மொழியை மறந்தனர், தொழுகையை மறக்கவில்லை.

இஷாவுக்குச் செயின்ட் ஜோசப் நகரின் ஜின்னா நினைவுப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். மேற்கு நோக்கித் தொழுதே பழகிய நமக்கு அங்கே கிப்லா கிழக்கில் இருந்தது. திசை மாறிற்று, இமாம் ஓதிய ஃபாத்திஹா மாறவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் பேசியது ஆங்கிலம். சொன்ன ஸலாமோ நம் ஊர் ஸலாமே. ஊர் திரும்பாத அம்முன்னோர்க்காகக் கையேந்தி துஆச் செய்தோம். கடற்கரையைக் காண மறுநாள்தான் சென்றோம்.