அம்மா வாசித்த நம்பர்கள்

ஊர்க்காரங்க நம்பரையெல்லாம் கூகிளுக்குக் கொடுக்க மனசில்லை. அதனால வீட்டுக் கணினியிலேயே ராடிகேல் போட்டு, டேவ்எக்ஸ்5 வழியா போனோட இணைச்சிருக்கேன். நம்பர்களுக்கு கார்ட்டேவ், நாட்காட்டிக்கு கால்டேவ். மேகமும் வேண்டாம், மழையும் வேண்டாம்!

போன மாசம் புது போன். எல்லா பெயரும் ரெண்டு ரெண்டா தெரியுதேன்னு ஒரு பட்டியலை மொத்தமா அழிச்சேன். ஒத்திசைவு தன் கடமையைச் செஞ்சுது. கணினியிலும் காலி!

மனப்பாடமா தெரிஞ்சது பாறசாலை வீட்டு நம்பர் ஒண்ணுதான். அம்மா, அப்பாவோட பழைய நோட்டை எடுத்து வாசிச்சாங்க. நெய்யாற்றின்கரை சித்திக்கு 0471, களியக்காவிளை மாமாவுக்கு 04651. 1956-ல் எல்லை பிரிச்சாங்க, எங்க சொந்தம் ரெண்டு பக்கமும்.

நடுவுல அம்மா நிறுத்தினாங்க. "இது அப்பாக்க நம்பர் மக்களே... வேணுமா?"

"சொல்லும்மா"ன்னேன். அந்த நம்பர் இனி அடிக்காதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஒத்திசைவு வேற, காப்பு நகல் வேறங்க. இப்போ மாசம் ஒருமுறை நம்பர்களை விசிஎஃப் கோப்பாவும் நாட்காட்டியை ஐசிஎஸ் கோப்பாவும் பென்டிரைவில் எடுத்து வைக்கிறேன். நீங்களும் இன்னிக்கே செஞ்சிடுங்க. எல்லார் வீட்டிலும் அப்பாவோட நோட்டு இருக்காது.