"இல்" என்று எழுதினேன்

மண்ணைக் குழைத்து, நெருப்பிலே வாட்டி, பீங்கானாக்கிப் பிறர் வீட்டுக்கு அனுப்பும் ஊர் எங்கள் விருத்தாசலம். முதுகுன்றம் என்ற தீந்தமிழ்ப் பெயர் இருந்தது. அதையே வடமொழியில் பெயர்த்தார்கள். இன்று தன் ஊர்ப்பெயருக்கே பொருள் கேட்டு நிற்கிறான் தமிழன்! இதை வகுப்பறையில் வீராவேசமாகப் பேசியவன் நான். அதே பிழையை என் கையாலேயே செய்தேன் என்றால் நம்புவீர்களா, தோழர்களே?

பள்ளி நூலகத்திற்குப் பட்டியல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. ஆங்கில நூற்பட்டியல்களில், பக்க எண்ணிக்கையை அடுத்து மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்று இருக்கும். 'இல்லஸ்ட்ரேஷன்ஸ்', அதாவது விளக்கப்படங்கள், என்னும் சொல்லின் தலைப்பகுதி அது. நானும் அவ்வழியே, படமுள்ள நூல்களுக்கெல்லாம் "இல்." என்று எழுதினேன். முறைப்படி எழுதிவிட்டோம் என்ற பெருமிதம் வேறு!

ஒரு நாள் மாணவன் ஒருவன் வந்தான். தந்தை சூளையிலே வேகும் தொழிலாளி. சூளைக்குள் தீ எவ்வழி சுழல்கிறது என்பதைப் படமாகப் பார்க்க வேண்டும் அவனுக்கு. பட்டியலைப் புரட்டினான். பீங்கான் தொழில் பற்றிய நூலைக் கண்டான். பெருமூச்சு விட்டான். "படம் இல் என்று போட்டிருக்கிறதே, ஐயா!" என்று சொல்லிப் போய்விட்டான்.

நூலைத் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் சூளைப் படங்கள்! உண்டு என்று சொல்ல நான் எழுதிய குறி, இல்லை என்று சொல்லி அவனைத் துரத்திவிட்டது. குற்றம் அவன் அறியாமையா? அல்ல, என் அறிவுச் செருக்கு!

சுருக்கம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. பட்டியல் அட்டை உள்ளங்கை அளவு, இடம் சிக்கனம். கணிப்பொறி வந்தபின் அந்த நெருக்கடி ஏது? 1978 இல் வந்த ஆங்கிலோ அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு அச்சுருக்கத்தை வைத்திருந்தது. 2010 இல் வெளிவந்த ஆர்.டி.ஏ. என்னும் விதித்தொகுப்போ, முழுச்சொல்லையே எழுதச் சொன்னது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013 மார்ச் 31 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. நிலப்படமா, உருவப்படமா, ஒளிப்படமா, வண்ணமா என்று வகைபிரித்தும் கூறலாம். எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட அட்டவணையைப் படமென்று கணக்கிடலாகாது என்பதும் விதி.

சீர்காழியில் பிறந்த அரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து, 1931 இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றுள் ஒன்று. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது மற்றொன்று. நானோ அவனுக்குரிய நூலையே அவனிடமிருந்து மறைத்துவிட்டேன்!

புரியாத மொழியில் ஓதுவது பூசாரிக்குப் பெருமை தரலாம். புரியாத குறியில் எழுதுவது நூலகத்துக்குப் பெருமையாகுமா?

பட்டியலைத் திருத்தி எழுதினேன். அந்த நூலுக்கு நேரே, "விளக்கப்படங்கள், சூளை அமைப்புப் படங்கள் உண்டு" என்று எழுதி, அவனை அழைத்துக் காட்டினேன். அன்று எடுத்துச் சென்றவன் இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்துப் பட்டியலை இன்று மாலை ஒருமுறை புரட்டுங்கள். எழுதியவனுக்கு மட்டுமே விளங்கும் குறி ஏதேனும் இருந்தால் அடித்துவிட்டு, முழுச்சொல்லை எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஆகும் மை, ஒரு சிறுவனின் ஏமாற்றத்தைவிட விலை உயர்ந்ததல்ல.