முந்தல் சந்தி

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், முந்தலைப் பார்ப்பதற்காக யாரும் விழித்திருப்பதில்லை. பத்துலுஓயா தாண்டினால் தென்னந்தோட்டங்கள். இடது பக்கம் களப்பு, அதற்கப்பால் ஒடுங்கிய மணல் கரை, அப்புறம் கடல். சிலாபத்தோடு நின்றிருந்த ரயில் பாதை 1926 இல் புத்தளம் வரை நீண்டபோது எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. அப்பாவுக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் விட்டால் நான் அங்கேதான்.

அப்பாவின் கடன் கொப்பியில் எல்லாப் பெயரும் கலந்து கிடக்கும். உடப்பிலிருந்து மீன் கூடையோடு வரும் தமிழ்ப் பெண்கள், மதுரங்குளிப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள், தோட்டத்துச் சிங்களக் குடும்பங்கள். கத்தோலிக்கரை மட்டும் பெயரை வைத்து எந்தப் பக்கமும் சேர்க்க முடியாது. பெர்னாண்டோ என்றால் தமிழராகவும் இருக்கலாம், சிங்களவராகவும் இருக்கலாம். தேத்தண்ணிக் கடை நானாவும் அப்பாவும் தமிழில் தொடங்கிய பேச்சை, நடுவில் ஒரு தோட்டத்து ஆள் வந்து உட்கார்ந்ததும் சிங்களத்தில் தொடர்வார்கள். அதை யாரும் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

ஆடி மாதம் வந்தால் ஊரே உடப்பைப் பார்க்கத் திரும்பிவிடும். அங்கே திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் திருவிழா. பாரதக் கதை வாசிப்பும் பாண்டவர் வேடமும் நடந்து, கடைசியில் தீமிதி. இராமேஸ்வரக் கரையிலிருந்து வள்ளங்களில் வந்தவர்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்று உடப்புக்காரர் சொல்வார்கள். கரைவலை இழுக்கும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டைக் கேட்டால், அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்றிருக்கும். தீமிதி பார்க்க வந்த கூட்டத்தில் சிங்களம் கேட்காத வருஷத்தை நான் கண்டதில்லை. முன்னேஸ்வரம் சிவன் கோயிலிலும் அப்படித்தான், தலவிலை சாந்த அன்னாள் கோயிலிலும் அப்படித்தான். நேர்த்தி வைப்பவர் தெய்வத்தின் மொழியைக் கேட்டுப் போவதில்லை.

இந்தக் கலப்பு நேற்றைக்கு வந்ததல்ல. 1344 இல் அரபுப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் இறங்கி யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலைக்கு (சிவனொளிபாதமலை) போகும் வழியில், மன்னனின் எல்லையோரத்தில் மினார் மந்தலி என்று ஓர் ஊரில் தமக்கு நல்ல விருந்து நடந்ததாக எழுதியிருக்கிறார். அது எங்கள் முந்தல்தான் என்று அடையாளம் காட்டியவர்கள் உண்டு. எருமைக் கன்று இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் என்று அவர் அடுக்குவதைப் படித்தபோது, விருந்து வைப்பதில் எங்கள் ஊர் அன்றைக்கே குறை வைக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மொழிகள் கலந்ததற்கும் இந்தக் கரையில் சாட்சி உண்டு. கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களுக்கெல்லாம் 1834 இல் ஆங்கிலத்தில் ஓர் அகராதி செய்தவர். 1859 இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் எழுதினார். புத்தளத்துக்குப் பக்கத்துச் சிரம்பியடியில், ஐரோப்பியர் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் சந்ததியார் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் இன்னும் பாடுகிறார்கள்.

எனக்கு மறக்காமல் இருப்பது எங்கள் வாடிக்கையாளரான ஒரு மீனவக் குடும்பம். சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். பாட்டி செபமாலையைத் தமிழில்தான் சொல்வார். மகனுக்குக் கடலில் தமிழ், கரையில் சிங்களம். பேரன் என் வயது. அவனிடம் பாட்டி தமிழில் கேட்பார், அவன் சிங்களத்தில் பதில் சொல்வான். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை, யாரும் புதிதாய் வரவும் இல்லை. ஆனால் குடிசன மதிப்பீட்டில் பாட்டி ஓர் இனம், பேரன் இன்னோர் இனம்.

பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே வந்த இந்த மாற்றம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை தமிழில் நடந்த கத்தோலிக்கப் பாடசாலைகள், சிலாபத்து ஆயராக எட்மண்ட் பீரிஸ் இருந்த காலத்தில் (1940–1972) ஒவ்வொன்றாகச் சிங்களத்துக்கு மாறின. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபிறகு, பிள்ளைக்கு அரசாங்க வேலை வேண்டும் என்று நினைத்த தகப்பனைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தமிழ் ஆட்சிமொழியானது 1987 இல். அதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. நீர்கொழும்பு மீனவரின் தமிழை ஆராய்ந்த ஸ்டீவன் போண்டா என்ற அமெரிக்கர், அவர்கள் பேச்சில் நான், நீ, அவன் என்று வினைமுற்று மாறுவதே நின்றுபோய், சிங்களத்தைப் போல ஒரே வடிவமாகிவிட்டதைக் காட்டியிருக்கிறார். இந்த மொழி மாற்றத்தைச் சிலர் ஆக்கிரமிப்பு என்கிறார்கள், சிலர் இயல்பான கலப்பு என்கிறார்கள். மக்கள் கலந்தது இயல்பு. பள்ளிக்கூடத்தை மாற்றியது ஒரு முடிவு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

பிறகு 1990. ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எழுபதாயிரம் பேருக்கு மேல் அப்படி ஊர் இழந்தார்கள். பெரும் பகுதி வந்து சேர்ந்தது புத்தளம், கற்பிட்டி, முந்தல் பக்கம். பள்ளிவாசலும் பாடசாலையும் நிறைந்து, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. ஒரு நாள் கடைக்கு வந்தவர், “அண்ணை, மண்ணெண்ணெய் இருக்கே?” என்று கேட்டார். அசல் யாழ்ப்பாணப் பேச்சு, எங்களுடையதைவிடத் திருத்தமான தமிழ். தமிழின் பேரால் துரத்தப்பட்டவர் அவர். அப்பா பணம் வாங்காமல் போத்தலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, அன்று முழுக்கப் பேசவேயில்லை. முதலில் சோறு கொடுத்த ஊர்தான் வருஷங்கள் போகப் போகக் காணி, பாடசாலை இடம், வேலை என்று முணுமுணுத்ததும். இங்கேயே பிறந்த பிள்ளையையும் அகதி என்று சொன்னார்கள்.

2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு முகநூல் பதிவிலிருந்து முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டது. புத்தளம் மாவட்டத்தின் தெற்கே கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சரை வெட்டிக் கொன்றார்கள். அரசியலிலும் முஸ்லிம்களுக்கு இடம் குறுகித்தான் இருந்தது. மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் அளவு அவர்கள். அவர்கள் வாக்கில் ஒருவரைத் தெரிவுசெய்து நாடாளுமன்றத்துக்கு அனுப்ப 1989 க்குப் பிறகு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்பாவின் கடை இப்போது இல்லை. ஆனால் நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் கரையோர வீடுகளில் தமிழில் செபம் சொல்லும் பாட்டிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்திலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், கைத்தொலைபேசியை எடுத்து ஒரு மணி நேரம் அவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்து வையுங்கள். அவர் எந்த இனம் என்று மட்டும் கேட்க வேண்டாம்.